குழந்தைகளில் திக்குவாய்

திக்குவாய் என்பது, சொல்ல வேண்டியது இன்னதென்று பேசுபவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தும், அதைச் சொல்லும்போது பேச்சின் ஓட்டம் அவர் விருப்பமின்றித் தடைப்படும் நிலையாகும். தெற்றுவாய், கொன்னல் என்றும் இது அழைக்கப்படும். பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில், குழந்தை சொற்களைக் கோத்து வாக்கியமாகப் பேசத் தொடங்கும் காலத்தில் இது தோன்றுகின்றது. ஏறத்தாழ நூற்றில் ஐந்து குழந்தைகள் ஏதேனும் ஒரு காலத்தில் திக்கிப் பேசுகின்றனர். அண்மைக்கால ஆய்வுகள் சில இதனினும் கூடுதலான அளவைக் காட்டியுள்ளன. இவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சில ஆண்டுகளுக்குள் மீண்டுவிடுகின்றனர். எஞ்சியோரிடம் அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கக்கூடும். மக்கள்தொகை முழுவதையும் கணக்கிட்டால் திக்கிப் பேசுவோர் ஏறத்தாழ 1 விழுக்காட்டினர் ஆவர்.

திக்குவாய் அறிவுக் குறைவின் அடையாளமன்று. அச்சத்தாலோ, பெற்றோரின் வளர்ப்புப் பிழையாலோ, பிறரைப் பார்த்துப் பழகுவதாலோ இது உண்டாவதில்லை. மூளையில் பேச்சை இயக்கும் பகுதிகளின் வளர்ச்சியோடு தொடர்புடைய நிலையாகவே இன்று இது கருதப்படுகின்றது. பக்கவாதம், தலைக்காயம் முதலியவற்றுக்குப் பின்னர் பெரியவர்களிடம் தோன்றும் திக்கல் வேறு வகையைச் சார்ந்தது. அது இங்கு விளக்கப்படவில்லை.

பெயர்

திக்குதல், தெற்றுதல், கொன்னுதல் ஆகிய மூன்று வினைகளும் தமிழில் இந்நிலையைக் குறிக்கும். பேச்சு வழக்கில் தெத்துவாய் என்பதும் உண்டு. இப்பெயர்களுள் பலவற்றில் ‘வாய்’ என்னும் சொல் இடம்பெறுவது கவனிக்கத்தக்கது. குறை வாயில் இருப்பதாகக் கொண்டதனால்தான் நாக்கைச் சுரண்டுவது, நாவில் மருந்து தடவுவது போன்ற வைத்தியங்கள் தோன்றின எனலாம். உண்மையில் திக்கிப் பேசும் குழந்தையின் நாக்கு, உதடு, தொண்டை ஆகியவற்றில் பெரும்பாலும் எந்தக் குறையும் இருப்பதில்லை. அதே குழந்தை பாடும்போது அதே நாக்கு தடையின்றி இயங்குகின்றது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இது ‘குழந்தைப் பருவத்தில் தொடங்கும் சரளக் கோளாறு’ என்னும் பொருள்படும் பெயரைப் பெற்றுள்ளது. உலக சுகாதார அமைப்பின் 11 ஆவது நோய் வகைப்பாடும் இதை வளர்ச்சிநிலைப் பேச்சுச் சரளக் கோளாறாகக் கொள்கின்றது. சரளம் என்பது பேச்சு தங்குதடையின்றிச் செல்லும் தன்மையாகும். ‘திக்குவாயன்’ என்னும் சொல் ஊர்களில் பட்டப்பெயராகவே வழங்கி இழிபொருள் ஏற்றுவிட்டமையால், ‘திக்கிப் பேசும் குழந்தை’ என்று குறிப்பதே தகும்.

இயல்புகள்

திக்கல் மூன்று வடிவங்களில் வெளிப்படும். முதலாவது, ஒலியோ அசையோ மீண்டும் மீண்டும் வருதல்: ‘பா-பா-பா-பாட்டி’. இரண்டாவது, ஓர் ஒலி நீளுதல்: ‘ம்ம்ம்மாமா’. மூன்றாவது அடைப்பு. இதில் வாய் சொல்லுக்குரிய நிலைக்கு வந்துவிடும். ஆனால் ஒலி எழாது. கேட்பவருக்கு இது வெறும் மௌனமாகத் தோன்றுவதால், குழந்தைக்கு விடை தெரியவில்லை என்றோ, அது பிடிவாதம் பிடிக்கின்றது என்றோ தவறாக எண்ணப்படுவது பெரும்பாலும் இவ்வகைத் திக்கலிலேயே நிகழ்கின்றது. தடைகள் சொல்லின் நடுவிலோ இறுதியிலோ அமைவதைவிடத் தொடக்கத்திலேயே மிகுதியாக அமைகின்றன.

எல்லாத் தடுமாற்றமும் திக்குவாய் ஆகாது. மூன்று வயதுக் குழந்தை ‘நான் வந்து, நான் வந்து, நேத்து வந்து’ என்று முழுச் சொற்களையும் சொற்றொடர்களையும் திரும்பச் சொல்லுதல் மொழி வளர்ச்சியின் இயல்பான பகுதியாகும். சொல் முழுமையாகத் திரும்பினால் பொதுவாகக் கவலை வேண்டியதில்லை. சொல் உடைந்து அதன் முதல் ஒலியோ அசையோ பலமுறை திரும்பினால், நீண்டால், அல்லது முகத்தில் இறுக்கம் தெரிந்தால் அது திக்கலாக இருக்க வாய்ப்புண்டு.

நாளடைவில் துணை அறிகுறிகள் சேர்கின்றன. கண்ணை இறுக மூடுதல், தலையைச் சட்டென ஆட்டுதல், காலைத் தட்டுதல், கையை முறுக்குதல் ஆகியன இவற்றுட் சில. ஒருமுறை இவ்வாறு செய்தபோது சொல் வெளிவந்துவிட்டது என்பதனால் குழந்தை அதை மீண்டும் செய்கின்றது. பின்னர் அது சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றது.

புறத்தே தெரியாத மற்றொரு பழக்கம் சொல்லை மாற்றிப் பேசுதல் ஆகும். ‘தண்ணீர்’ என்பதில் தடை வருமென்று முன்னரே உணரும் சிறுவன், ‘குடிக்க வேண்டும்’ என்று கேட்டுக்கொள்வான். இவ்வாறு நாள் முழுவதும் சொற்களை மாற்றிப் பேசும் குழந்தையிடம் திக்கலே இல்லை என்று ஆசிரியர் நினைக்கக்கூடும். மாற்ற முடியாத சொற்கள் பெயர்ச்சொற்களே. தன் பெயர், தந்தை பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றுக்கு மாற்றில்லை. பேருந்தில் நடத்துநர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டால் ‘முதுகுளத்தூர்’ என்றுதான் சொல்லியாக வேண்டும்; அவர் காத்திருக்கும் சில நொடிகளுக்குள் சொல்லியாகவும் வேண்டும். தம் பெயரைச் சொல்வதே எல்லாவற்றிலும் கடினமானது என்று திக்கிப் பேசுவோர் பலர் கூறுவதற்கு இது ஒரு காரணமாகும்.

திக்கல் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு வாரம் மறைந்து மறு வாரம் தோன்றும். சேர்ந்து ஒப்பிக்கும்போதும், பாடும்போதும், கிசுகிசுக்கும்போதும், தனியே பொம்மையோடு பேசும்போதும் அது மிகக் குறைந்துவிடும் அல்லது இல்லாமலே போகும். வெளியிலிருந்து ஒரு தாளம் கிடைக்கும்போது பேச்சின் நேர ஒழுங்கை மூளை தானாக அமைத்துக்கொள்ள வேண்டிய சுமை குறைவதே இதற்கு விளக்கமாகக் கூறப்படுகின்றது. இவ்வியல்பு அறியப்படாமையால் குழந்தைகள் வீண்பழிக்கு உள்ளாகின்றனர். வகுப்பு முழுவதும் சேர்ந்து வாய்பாடு சொல்லும்போது தடையின்றிச் சொல்லும் சிறுமி, தனியே எழுப்பிக் கேட்டவுடன் நின்றுவிடுகிறாள். ‘அப்போது மட்டும் வந்ததே’ என்று அவள் நடிப்பதாகக் குற்றம் சாட்டப்படுகிறாள்.

தோற்றமும் மீட்சியும்

தொடக்கம் சில வேளைகளில் படிப்படியாகவும், சில வேளைகளில் ஓரிரு நாட்களுக்குள் திடீரெனவும் அமையும். திடீரெனத் தொடங்கும்போது, அந்த வாரத்தில் நிகழ்ந்த ஏதேனும் ஒன்றைக் குடும்பத்தார் காரணமாகக் கொள்வது இயல்பே. நாய் துரத்தியது, கிணற்றடியில் பயந்தது, தம்பி பிறந்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். இரண்டு வயது முதல் நான்கு வயது வரையிலான எந்தக் குழந்தையின் வாழ்விலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று அந்த வாரத்தில் இல்லாமற் போவது அரிது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

தோன்றும் காலத்தில் ஆண், பெண் குழந்தைகளிடையே வேறுபாடு சிறிதே. பெண் குழந்தைகள் மிகுதியாக மீள்வதால், வளர்ந்தோரிடையே ஏறத்தாழ நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்னும் விகிதம் காணப்படுகின்றது. குடும்பத்தில் மீளாத திக்கலுடையோர் இருத்தல், ஆண் குழந்தையாக இருத்தல், மூன்றரை வயதுக்குப் பின் தொடங்குதல், தொடங்கி ஓர் ஆண்டுக்கு மேலாகியும் குறையாமை, வேறு பேச்சு அல்லது மொழிச் சிக்கல்களும் உடனிருத்தல் ஆகியன திக்கல் நிலைத்துவிடுவதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. எனினும் குறிப்பிட்ட ஒரு குழந்தை தானாக மீளுமா, மீளாதா என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்லும் வழி இதுவரை இல்லை.

காரணங்கள்

திக்குவாயில் மரபின் பங்கு பெரிது என்பது இரட்டையர் ஆய்வுகளால் முன்னரே அறியப்பட்டிருந்தது. 2010 இல், நெருங்கிய உறவில் மணம் செய்துகொள்ளும் வழக்கமுடைய பாக்கிஸ்தானியக் குடும்பங்களை முதன்மையாகக் கொண்டு அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, உயிரணுக்களின் கழிவு நீக்கப் பணியில் பங்குபெறும் மூன்று மரபணுக்களின் மாற்றங்களைத் திக்கலோடு தொடர்புபடுத்தியது. இம்மாற்றங்கள் திக்கிப் பேசுவோருள் சிறு பகுதியினரிடமே காணப்பட்டன. 2025 இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவுகளைக் கொண்டு வெளியான ஆய்வொன்று, திக்கலோடு தொடர்புடைய 57 மரபணு இடங்களைச் சுட்டியது. ஆகவே இது ஒரே மரபணுவால் வருவதன்று. சிறுசிறு பங்களிப்புகள் பல சேர்ந்து உண்டாவது எனக் கொள்ளலாம்.

மூளைப் படமெடுப்பு ஆய்வுகளில், பேச்சைத் திட்டமிடும் பகுதிகளையும் அதை நிகழ்த்தும் பகுதிகளையும் இணைக்கும் இடப்பக்க நரம்பிழைப் பாதைகளில் வேறுபாடுகள் காணப்பட்டுள்ளன. அசைவுகளைத் தொடங்குவதிலும் அவற்றின் நேர ஒழுங்கிலும் பங்குபெறும் மூளையடிக் கருக்களுக்கும் இதில் தொடர்பு உள்ளதாகக் கருதப்படுகின்றது. சொல்லின் தொடக்கத்திலேயே தடை மிகுவதும், தாளத்தோடு பேசினால் தடை நீங்குவதும் இதனோடு பொருந்தி வருகின்றன.

அச்சமும் பதற்றமும் திக்கலை உண்டாக்குவதில்லை; ஏற்கனவே உள்ள திக்கலைக் கூட்டக்கூடும். திக்கியதன் விளைவாகவே பின்னாளில் பலருக்குப் பதற்றம் உண்டாகின்றது. இவ்வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ‘பயத்தைப் போக்கினால் திக்கு போய்விடும்’ என்று கருதுவது பரவலான பிழையாகும். அவ்வாறே, வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என இரு மொழிகள் கற்பதும் திக்கலுக்குக் காரணமன்று. இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை வலக்கைக்கு மாற்றுவதால் திக்கல் வரும் என்னும் கருத்து 1920களிலும் 1930களிலும் அமெரிக்காவில் செல்வாக்குப் பெற்றிருந்தது. பிற்கால ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. (இடக்கைக் குழந்தையை மாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை என்பது வேறு.)

பழைய கருத்துகளும் அவற்றின் விளைவும்

குறை நாக்கில் உள்ளது என்னும் எண்ணம் தமிழர்களுக்கு மட்டும் உரியதன்று. 1841 இல் பெர்லினில் அறுவை மருத்துவர் யோகான் பிரீட்ரிக் டீஃபென்பாக், திக்கலைப் போக்குவதற்காக நாக்கின் வேர்ப்பகுதியை வெட்டும் சிகிச்சையைச் செய்தார். மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத காலம் அது. பிறரும் இதைப் பின்பற்றிச் செய்து, நோயாளிகள் துன்புற்றபின் அது கைவிடப்பட்டது. பண்டைய கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கற்களை இட்டுக்கொண்டு பேசிப் பழகினார் என்னும் செய்தியும் இவ்வெண்ணத்தைச் சார்ந்ததே. கூழாங்கல்லால் பயன் இல்லை. சிறு குழந்தையாயின் மூச்சுக்குழலில் சிக்கும் இடரும் உண்டு.

தமிழகத்தில் பேச்சுத் தாமதத்துக்கும் திக்கலுக்கும் வசம்பைச் சுட்டு உரைத்துத் தேனில் குழைத்து நாவில் தடவும் வழக்கம் உள்ளது. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பு திக்கலைக் குறைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அதில் உள்ள அசரோன் என்னும் பொருளின் நச்சுத்தன்மை கருதி 1968 இல் அமெரிக்கா உணவுப் பொருட்களில் வசம்பைச் சேர்ப்பதைத் தடைசெய்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தருவதும் தவிர்க்கப்பட வேண்டியது. தென் மாவட்டங்களில் பேச்சு வேண்டித் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொள்வோர் உண்டு. ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர் அங்கு முருகன் அருளால் பேசும் ஆற்றல் பெற்றுக் கந்தர் கலிவெண்பா பாடினார் என்னும் மரபு இதற்குப் பின்னணியாகும். அது ஊமை நிலையைப் பற்றியதேயன்றித் திக்கலைப் பற்றியதன்று.

20 ஆம் நூற்றாண்டில் மிகுந்த தீங்கு விளைவித்த கருத்து வேறொன்று. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெண்டல் ஜான்சன், தாமும் திக்கிப் பேசியவர். குழந்தையின் இயல்பான தடுமாற்றத்தைப் பெற்றோர் திக்கல் என்று பெயரிட்டுக் கவலைப்படுவதாலேயே அது உண்மையான திக்கலாக மாறுகின்றது என்பது அவர் கொள்கை. இதைச் சோதிக்க, 1939 இல் அவர் மேற்பார்வையில் மேரி டியூடர் என்னும் மாணவி டாவன்போர்ட் நகர அனாதை இல்லம் ஒன்றில் 22 குழந்தைகளைக் கொண்டு சோதனை நடத்தினார். இயல்பாகப் பேசிவந்த குழந்தைகள் சிலரிடம், அவர்கள் திக்குவதாகவும் அதை நிறுத்தியாக வேண்டும் என்றும் மாதக்கணக்கில் சொல்லப்பட்டது. அக்குழந்தைகள் திக்குவாயர் ஆகவில்லை. ஆனால் பேசவே தயங்கி ஒடுங்கிப்போயினர். இச்சோதனை வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது. 2001 இல் செய்தித்தாள் ஒன்று வெளிக்கொணர்ந்தபின் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது. 2007 இல் அயோவா அரசு, பாதிக்கப்பட்டோருக்கு 9,25,000 டாலர் வழங்க உடன்பட்டது.

சோதனை கொள்கையை மெய்ப்பிக்கவில்லை. ஆயினும் கொள்கை பல பத்தாண்டுகள் நிலைத்தது. ‘கண்டுகொள்ளாமல் விடுங்கள், தானாகச் சரியாகிவிடும்’ என்று மருத்துவர்கள் பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரையின் வேர்களுள் ஒன்று இங்குள்ளது. பெரும்பான்மைக் குழந்தைகள் தாமாக மீள்வதால் இவ்வறிவுரை பல முறை பலித்துவிடுகின்றது. மீளாத குழந்தைக்கோ, சிகிச்சை எளிதாகப் பயன்தரும் ஆண்டுகள் இக்காத்திருப்பில் கழிந்துவிடுகின்றன. பள்ளி செல்லும் முன்னுள்ள வயதில் தொடங்கும் பயிற்சி, பின்னர் தொடங்குவதைவிட மிகுதியான பயன் தருகின்றது. ஆகவே திக்கல் தொடங்கி ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் குறையவில்லை என்றாலும், குழந்தை பேசத் திணறி வருந்தினாலும் பேச்சு மொழி வல்லுநரிடம் காட்டுவது நன்று.

சிகிச்சை

திக்கலுக்கென ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை. பயிற்சியே சிகிச்சையாகும்.

சிறு குழந்தைகளுக்கான முறைகளுள் நன்கு ஆராயப்பட்டது லிட்கம் திட்டம் ஆகும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரப் புறப்பகுதி ஒன்றின் பெயரைக் கொண்ட இம்முறை அங்கு 1980களில் உருவாக்கப்பட்டது. இதில் சிகிச்சை அளிப்பவர் தாயோ தந்தையோ ஆவார்; வல்லுநர் அவருக்குக் கற்றுக்கொடுக்கின்றார். நாள்தோறும் 10 முதல் 15 நிமிடம் படக்கதையையோ விளையாட்டையோ முன்வைத்துப் பேசும்போது, தடையின்றி வந்த பேச்சைப் பெற்றோர் இயல்பாகப் பாராட்டுகின்றனர். எப்போதேனும், குழந்தைக்கு நோகாத வகையில், தடைப்பட்ட சொல்லைச் சுட்டுகின்றனர். பாராட்டு சுட்டலைவிடப் பன்மடங்கு மிகுந்திருக்க வேண்டும் என்பது விதி. வாரம் ஒருமுறை வல்லுநரைக் காண வேண்டும். முறையாகக் கற்காமல் பெற்றோர் தாமாகத் திருத்தத் தொடங்கினால் அது கண்டிப்பாக மாறிவிடும் என்பதால் இவ்வாரச் சந்திப்பு இன்றியமையாததாகின்றது.

நியூசிலாந்தில் 54 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதங்களுக்குப் பின் இப்பயிற்சி பெற்ற குழந்தைகள் நூறு அசைகளுக்கு 1.5 அசையும், பெறாதவர்கள் 3.9 அசையும் திக்கினர். இரு குழுவினரும் முன்னேறியது தானாக மீள்தலைக் காட்டுகின்றது; இடையிலுள்ள வேறுபாடு பயிற்சியின் பயனாகும். குடும்பத்தின் பேச்சு வேகத்தையும் குழந்தையின் மேல் விழும் எதிர்பார்ப்பையும் குறைப்பதை அடிப்படையாகக் கொண்ட மற்றொரு முறையோடு நெதர்லாந்தில் 199 குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 18 மாத முடிவில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பயனையே தந்தன. எம்முறை என்பதைவிட, காலத்தே தொடங்கித் தொடர்ந்து செய்தலே முதன்மையானது என்று இதனைக் கொள்ளலாம்.

பள்ளி வயதில் இலக்கு மாறுகின்றது. தொடக்க ஒலியை மென்மையாக எழுப்புதல், அசைகளை நீட்டி இணைத்தல் போன்ற உத்திகள் கற்பிக்கப்படுகின்றன. தாமும் திக்கிப் பேசிய அமெரிக்க வல்லுநர் சார்லஸ் வான் ரைப்பர் (1905–1994) வேறு வழியை முன்வைத்தார். திக்காமல் பேசுவதற்குப் போராடுவதை விட்டு, இறுக்கமின்றி எளிதாகத் திக்கக் கற்றுக்கொள்வதே அவர் வழி. திக்குவதை மறைக்கும் முயற்சியே திக்கலின் பெரும்பகுதி என்னும் உண்மை இதில் உள்ளது. சில வாரங்களில் முற்றாகக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வோரிடம் எச்சரிக்கை தேவை. பயிற்சி அறையில் தாளத்தோடு பேசவைத்தால் எவரும் சரளமாகப் பேசுவர். வீடு திரும்பியபின் அது நீடிப்பதில்லை.

வீட்டில்

‘மெதுவாகப் பேசு’, ‘மூச்சை இழுத்துவிட்டுச் சொல்’, ‘யோசித்துப் பேசு’ ஆகியன அன்பால் சொல்லப்படுபவை. குழந்தையின் காதில் அவை ‘நீ பேசுவது சரியில்லை’ என்றே விழும். அதனினும் பயனுள்ளது பெரியவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்வதாகும். சொல்லை எடுத்துக்கொடுக்காமல், பார்வையை விலக்காமல், அது முடியும்வரை காத்திருந்து, எப்படிச் சொன்னது என்பதற்கன்றி என்ன சொன்னது என்பதற்கு மறுமொழி கூற வேண்டும். பலர் ஒரே நேரத்தில் பேசும் வீடுகளில் குழந்தைக்கு அதன் முறை கிடைக்கச் செய்தல் தாத்தா, பாட்டியரும் செய்யக்கூடிய உதவியாகும். விருந்தினர் முன் நிறுத்திப் பாட்டுச் சொல், குறள் சொல் என்று வற்புறுத்துதல் கூடாது. குழந்தையே திக்கலைப் பற்றிக் கேட்டால் மறைக்க வேண்டியதில்லை. ‘சில சொல் வரும்போது கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது, பரவாயில்லை’ என்ற அளவில் சொல்லலாம். வீட்டில் எவரும் பேசாத ஒன்றை வெட்கத்துக்குரியதாகக் குழந்தை கொள்ளும்.

பள்ளியில்

வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்று குறித்த நொடியில் சொல்ல வேண்டியிருப்பது திக்கிப் பேசும் மாணவரின் நாளில் முதற் சோதனையாகும். தன் எண் நெருங்க நெருங்க அவர் காத்திருப்பது பிறருக்குத் தெரியாது. பதில் வராமையால் வராதவர் எனக் குறிக்கப்படுவதும் உண்டு. கையை உயர்த்தினால் போதும் என்று வகுப்பு முழுமைக்கும் பொதுவாக மாற்றுவது எளிய தீர்வு. ஒருவருக்கு மட்டும் மாற்றினால் அது அவரைச் சுட்டிக்காட்டுவதாகிவிடும்.

வரிசைப்படி ஒவ்வொருவராக எழுந்து பாடம் வாசிக்கும் முறையும் இத்தகையதே. இருவர் சேர்ந்து வாசிக்கும்படி வகுப்பை அமைத்தால் திக்கல் பெரிதும் குறையும். ஒப்பித்தலுக்கு மதிப்பெண் இடும்போது நேரத்தைக் கணக்கிடாமல் உள்ளடக்கத்தைக் கணக்கிடலாம். ஆனால் பேசும் வாய்ப்பையே முற்றிலும் நீக்கிவிடுவது உதவியன்று. எப்போது, எவ்வாறு பேச விரும்புகிறார் என்பதை அம்மாணவரிடமே தனியே கேட்டறிதல் நன்று.

பிற மாணவர்கள் பழித்துக்காட்டுவதைத் தடுப்பது ஆசிரியரின் பொறுப்பு. ஆசிரியரே பழித்துக்காட்டுவது நேர்ந்தால், குழந்தைக்கு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்யும் 2009 ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு அதற்கும் பொருந்தும் எனலாம்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

பேச்சு, செவித்திறன் துறையில் இந்தியாவின் முதன்மை நிறுவனம் 1965 இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் ஆகும். தமிழ்நாட்டில் சென்னை போரூரிலுள்ள சிறீ ராமச்சந்திரா நிறுவனம், முட்டுக்காட்டில் 2005 இல் நிறுவப்பட்ட பல்வகை ஊனமுற்றோர் ஆற்றலாக்கத்துக்கான தேசிய நிறுவனம் முதலியன இத்துறையினரைப் பயிற்றுவிக்கின்றன. இவ்விரண்டும் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்து அமைந்துள்ளன.

2013 இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். குறை காணப்பட்ட குழந்தைகள் மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுவர். இம்மையத்தின் பணியாளர் அமைப்பில் பேச்சுப் பயிற்சியாளரும் அடங்குவார். திட்டத்தின் பட்டியலில் செவித்திறன் குறைவும் மொழி வளர்ச்சித் தாமதமும் உள்ளன. திக்கல் தனியே பெயர் சுட்டப்படவில்லை. சில நிமிடப் பரிசோதனையில், பெயரும் வயதும் கேட்கும்போது உடனிருக்கும் தாயோ பணியாளரோ முந்திக்கொண்டு விடையளித்தால், திக்கிப் பேசும் குழந்தை ‘குறையில்லை’ என்று குறிக்கப்பட்டுவிட இயலும். அன்று அக்குழந்தைக்குத் திக்கல் குறைந்த நாளாகவும் இருக்கக்கூடும்.

2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டை 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. உடற்கூறு அல்லது நரம்பியல் காரணங்களால் விளையும் நிலையான குறைபாடு என அது வரையறுக்கப்பட்டு, குரல்வளை நீக்கமும் மூளைப் பாதிப்பால் மொழித்திறன் இழத்தலும் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டுள்ளன. திக்கல் இங்கும் பெயர் சுட்டப்படவில்லை.

இராமநாதபுரம் மாவட்டத்தின் முதுகுளத்தூர் வட்டத்தைக் கொண்டு இந்நிலையின் நடைமுறைப் பொருளை அறியலாம். வானம் பார்த்த பூமியான இப்பகுதியில் முண்டு மிளகாய்ச் சாகுபடியும் சீமைக் கருவேலத்தைக் கொண்டு கரி மூட்டம் போடுதலும் முக்கியத் தொழில்களாகும். (இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது.) ஊருக்கு ரயில் இல்லை, பரமக்குடிக்கோ இராமநாதபுரத்துக்கோ பேருந்தில்தான் செல்ல வேண்டும். 2022 சனவரியில் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டமை உயர் சிகிச்சைக்கு மதுரை செல்லும் தேவையை ஓரளவு குறைத்தது. ஆயினும் திக்கலுக்கான பயிற்சி ஒருமுறை சென்று மருந்து வாங்கி வருவதைப் போன்றதன்று. வாரந்தோறும், பல மாதங்கள் செல்ல வேண்டும். வட்டத்தின் உள்கிராமம் ஒன்றிலிருந்து தாய் குழந்தையுடன் இரண்டு பேருந்து மாறிச் சென்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். மிளகாய்ப் பழம் பறிக்கும் காலத்தில் அது இயலாது. மூன்று, நான்கு வாரங்களுக்குப் பின் வருகை நின்றுபோவதை அக்கறையின்மை என்று கொள்வது தவறு.

இதற்கு ஒரு வழி காணொளி மூலம் பயிற்சி அளித்தல். லிட்கம் திட்டத்தை இணையக் காணொளி வழியாக நடத்தி நேர்முகப் பயிற்சியோடு ஒப்பிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு 2016 இல் வெளியானது. பயனில் வேறுபாடு காணப்படவில்லை. சிகிச்சை அளிப்பவர் பெற்றோரே என்பதால் இம்முறை தொலைவுக்கு ஏற்றதாக உள்ளது. இந்தியாவில் 2020 ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்துக்குப் பின் பேச்சுப் பயிற்சியாளர் பலர் காணொளி வழியைக் கையாளத் தொடங்கினர். ஒன்றியந்தோறும் உள்ள வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்கள், தாம் செல்லும் பள்ளிகளில் திக்கிப் பேசும் குழந்தைகளை அடையாளம் கண்டு இத்தகைய பயிற்சிக்கு வழிப்படுத்த முடியும்.

பொது வாழ்வில்

தமிழ்த் திரைப்படங்களிலும் மேடை நாடகங்களிலும் திக்கல் நெடுங்காலமாக நகைச்சுவைக்கே பயன்பட்டு வந்துள்ளது. ஒரு படம் வெளிவந்த வாரத்தில் அதில் வரும் திக்குவாய் வசனம் பள்ளிக்கூடங்களை எட்டிவிடுகின்றது. மாறாக, 1936 இல் அரியணையேறிய பிரித்தானிய மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஆஸ்திரேலியரான லயனல் லோக்கிடம் பயிற்சி பெற்றதைக் கூறும் ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ (2010) திக்குபவரின் பக்கம் நின்று எடுக்கப்பட்டது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது.

2021 முதல் 2025 வரை அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடன், இந்தி நடிகர் ஹிருத்திக் ரோஷன் ஆகியோர் தம் திக்கலைப் பற்றி வெளிப்படையாகப் பேசியுள்ளனர். 1957 இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு (1909–1998) வாழ்நாள் முழுவதும் திக்கிப் பேசியவர். அந்நிலையிலேயே பல பத்தாண்டுகள் பொதுக்கூட்டங்களிலும் சட்டமன்றத்திலும் பேசினார். எப்போதும் திக்குமா என்று கேட்டவருக்கு, பேசும்போது மட்டுமே என்று அவர் விடையளித்ததாகச் சொல்லப்படுவதுண்டு.

திக்கிப் பேசுவோர் தாமே கூடி நடத்தும் தன்னுதவி அமைப்பான இந்தியத் திக்குவோர் சங்கம் 2008 இல் தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் அக்டோபர் 22 பன்னாட்டுத் திக்குவாய் விழிப்புணர்வு நாளாக 1998 முதல் கடைப்பிடிக்கப்பட்டு வருகின்றது.